முற்றத்து நீரிணை

எண்ணெய்க் கப்பல்கள் வயிற்றை எக்கிக்கொண்டு நுழைய வேண்டிய கடல் இடுக்குகள் உலகத்தில் ஏழு இருப்பதாக ஒரு கணக்கு உண்டு. அவற்றில் எதை யார் மறித்தால் எந்த நாட்டில் எத்தனை நாளில் அடுப்பு அணையும் என்று சொல்வதற்கென்றே கோப்பன்ஹேகன் துறைமுகத்து ஓரத்தில் ஒரு நிறுவனம் இருக்கிறது. அதன் பெயர் ‘கடல் இடுக்குகளுக்கும் எரிபொருள் தயார்நிலைக்குமான ஆலோசனை மன்றம்.’ முழுப் பெயரையும் சொல்லி முடிப்பதற்குள் தொலைபேசியின் மறுமுனையில் இருப்பவர் வைத்துவிடுகிறார் என்பதால் மன்றம் என்றே எல்லோரும் சொல்வார்கள். நமக்கும் அது போதும்.

மன்றத்தின் கட்டடப் பராமரிப்பாளராக டிசம்பர் முதலாம் தேதி வேலைக்குச் சேர்ந்தவர் யேசுரட்ணம். மன்னார், பேசாலைக்காரர். வயது ஐம்பத்தேழு. டென்மார்க்கின் மேற்கே ஹொல்ஸ்டெப்ரோப் பக்கம் ஒரு தொழிற்சாலையில் இருபத்திரண்டு வருடம் நின்ற இடத்தில் நின்று வேலை செய்தவர். அது ஒரு நாள் போலந்துக்குப் போய்விட்டது. இவர் கோப்பன்ஹேகனின் புறநகரான ஹ்விடோவ்ரேக்கு வந்துவிட்டார். அதற்குப் பிறகு வேலைவாய்ப்பு அலுவலகம் அவரை மூன்று முறை தன்விவரம் எழுதும் பயிற்சிக்கு அனுப்பியது. மூன்றாம் முறை போனபோது பயிற்சி ஆசிரியர் தன்னுடைய தன்விவரத்தை இவரிடம் காட்டி, இது சரியாக இருக்கிறதா என்று கேட்டார்.

ஆகவே இந்த வேலை நிலைக்க வேண்டும் என்பது யேசுரட்ணத்தின் ஒரே மன்றாட்டு. ஒப்பந்தத்தில் மூன்று மாதப் பரீட்சைக் காலம் போட்டிருந்தார்கள். பெப்ரவரி இருபத்தெட்டாம் தேதிக்குள் மன்றம் கூடி ‘வேண்டாம்’ என்று முடிவெடுத்தால் வீட்டுக்குப் போக வேண்டும். முடிவெடுக்காவிட்டால் வேலை நிரந்தரம். மனைவி அமலராணி அந்தத் தேதியை நாட்காட்டியில் சிவப்புப் பேனாவால் வட்டம் போட்டு, பக்கத்தில் ஒரு சிலுவையும் கீறி வைத்திருந்தார்.

மன்றம் இருந்தது பாதுகாக்கப்பட்ட பழைய பண்டகசாலைக் கட்டடத்தில். கோப்பன்ஹேகன் முழுவதற்கும் நிலத்தடிக் குழாயில் வெந்நீர் வந்து வீடுகள் சூடாகும்போது, இந்தக் கட்டடத்துக்கு மட்டும் நிலவறையில் ஓர் எண்ணெய் அடுப்பு. தரையைக் கிண்ட அனுமதி கேட்டு எழுதிப் பதினொரு வருடமாகிறது. கடிதம் கிடைத்தது என்று மட்டும் பதில் வந்திருக்கிறது. உலகத்துக்கே எண்ணெய்ச் சிக்கனம் சொல்லும் இடம் தானே எண்ணெய் குடித்துத்தான் சூடாகிறது என்பதில் அங்கே யாருக்கும் கூச்சம் இல்லை. ஏனென்றால் அங்கே யாருக்கும் அது தெரியாது.

ஜனவரி கடைசியில் சிக்கல் பிறந்தது. பெப்ரவரி பன்னிரண்டாம் தேதி மன்றத்தில் பெரிய கருத்தரங்கு. வெளிநாடுகளிலிருந்து நூற்றிருபது பேர் வருகிறார்கள். அவர்களுக்குக் காட்டுவதற்காக இயக்குநர் ப்ரெபென் முற்றத்தில் ஹோர்முஸ் நீரிணையைக் கட்டினார். மரத்தாலும் கண்ணாடி இழையாலும் செய்த பதினான்கு மீட்டர் மாதிரி. இரண்டு கரையிலும் மலைகள், நடுவில் உண்மையான தண்ணீர், தண்ணீரில் நாற்பத்து மூன்று குட்டி எண்ணெய்க் கப்பல்கள். மாதிரி அவ்வளவு அழகு. இந்தச் சுவரிலிருந்து அந்தச் சுவர் வரை முற்றத்தை அடைத்துக்கொண்டு நின்றது. வாசல் மாதிரிக்கு இந்தப் பக்கம். எண்ணெய்த் தாங்கியின் வாய் அந்தப் பக்கம்.

எண்ணெய் லொறி இரண்டு முறை வந்தது. வாசலில் நின்று பார்த்தது. இரண்டு முறையும் திரும்பிப் போனது.

லொறியின் குழாயை மாதிரிக்கு மேலாகப் போட்டால் எட்டும் என்று யேசுரட்ணம் அளந்து பார்த்திருந்தார். அதற்கு அனுமதி வேண்டும். அனுமதி பிர்கிட்டேயிடம் இருந்தது. பிர்கிட்டே அலுவலகப் பொறுப்பாளர். மன்றத்தில் காகிதம், பென்சில், விடுமுறை, வேலைநீக்கம் எதுவானாலும் அவருடைய மேசையைத் தாண்டித்தான் போக வேண்டும். அவர் செவ்வாயும் வியாழனும் மட்டும்தான் வருவார். சாமி வரம் கொடுத்தாலும் பூசாரி கொடுக்க வேண்டுமே என்பார்கள். இந்தப் பூசாரி வாரத்துக்கு இரண்டு நாள்.

“மாதக் கூட்டத்தில் சொல்லுங்கள்” என்றார் பிர்கிட்டே.

டென்மார்க்கில் கூட்டம் என்பது வழிபாட்டுக்குக் கொஞ்சம் மேலே. ஜனவரி இருபத்தொன்பதாம் தேதி வியாழக்கிழமை எல்லோரும் மேசையைச் சுற்றி அமர்ந்தார்கள். முதலாவது விடயம்: கூட்டத்தை நடத்துபவரைத் தெரிவு செய்தல். ப்ரெபென் தெரிவானார், பத்து வருடமாக அவர்தான். இரண்டாவது: குறிப்பெழுதுபவரைத் தெரிவு செய்தல். மூன்றாவது: இன்றைய விடயப் பட்டியலை ஏற்றுக்கொள்ளுதல். நான்காவது: சென்ற கூட்டத்தின் குறிப்பை ஏற்றுக்கொள்ளுதல். ஐந்தாவது: கருத்தரங்கு. ஆறாவது: வெள்ளிக்கிழமைகளில் யார் கேக் கொண்டு வருவது. இதற்கு நாற்பது நிமிடம் போனது. மார்ச் மாதத்தில் இரண்டு வெள்ளி அடுத்தடுத்துக் கறுவாப்பட்டைக் கேக் வந்துவிடும் ஆபத்து இருந்தது. ஏழாவது விடயத்துக்கு டெனிஷில் எவென்டுவெல்ட் என்று பெயர். ‘ஏனையவை’ என்று வைத்துக்கொள்ளுங்கள்.

ஏனையவையில் யேசுரட்ணம் கையை உயர்த்தினார். அவருடைய டெனிஷ் தொழிற்சாலையில் படித்தது. அங்கே பெரிய வாக்கியத்துக்கு நேரம் இருந்ததில்லை.

“தாங்கியில் எண்ணெய் ஒரு சாண்தான். லொறி வர முடியவில்லை. முற்றத்தில் நீரிணை நிற்கிறது. குழாயை அதற்கு மேலாகப் போடலாமா?”

மேசை நிமிர்ந்து உட்கார்ந்தது.

“எவ்வளவு அருமையான கேள்வி!” என்றார் ப்ரெபென். அவருக்குக் கண் கலங்கிவிட்டது. “நண்பர்களே, எண்ணெய் வாங்கி வாழும் நாடுகள் காலையில் எழுந்து கேட்கும் கேள்வி இது. வழி ஒன்று, அதுவும் அடைபட்டால்? இதை ஒரு பராமரிப்பாளர் கேட்கிறார் என்றால் நம்முடைய அறிக்கைகள் மக்களைச் சென்றடைகின்றன என்று அர்த்தம்.”

ஒருவர் மாற்று வழி தேட வேண்டும் என்றார். ஒருவர் தொண்ணூறு நாள் கையிருப்பு வைத்திருந்தால் இந்த நிலை வந்திருக்குமா என்று வருத்தப்பட்டார். இன்னொருவர் வழங்குநர்களோடு நீண்டகால உறவு முக்கியம் என்றார். இருபது நிமிடம் எல்லோரும் யேசுரட்ணத்துக்காக மனதாரக் கவலைப்பட்டார்கள். அவருக்கே நெகிழ்ச்சியாக இருந்தது.

“அப்படியென்றால் குழாயைப் போடலாமா?” என்று கேட்டார்.

பிர்கிட்டே கண்ணாடியைக் கழற்றினார். “இது ஏழாவது விடயம். ஏனையவையில் எதையும் கதைக்கலாம், முடிவெடுக்க முடியாது. சட்டம் அப்படி. முடிவு வேண்டுமென்றால் பதினான்கு நாளுக்கு முன் எழுத்தில் தர வேண்டும். அடுத்த கூட்டம் பெப்ரவரி இருபத்தாறு.”

குறிப்பில் ‘எண்ணெய் பற்றிக் கலந்துரையாடப்பட்டது’ என்று பதிவானது. எல்லோரும் எழுந்து கேக் சாப்பிடப் போனார்கள்.

நடைபாதையில் கயல் பின்னால் ஓடி வந்தாள். கோயம்புத்தூர்ப் பெண்; மன்றத்தின் தரவு ஆய்வாளர். வளைகுடாவில் எந்தக் கப்பல் எந்த நிமிடத்தில் எங்கே நிற்கிறது என்று திரையைப் பார்க்காமலே சொல்வாள்.

“அங்கிள், சாரி, ஒரு டவுட். நம்ம பில்டிங்ல ஆயில் டேங்க் இருக்கா?”

“நிலவறையில பிள்ளை. நீங்கள் நிண்டு கோப்பி ஊத்துற இடத்துக்கு நேர கீழ.”

“ஐயோ, ரெண்டு வருஷமா இங்க வேலை பாக்கறேன், எனக்குத் தெரியவே தெரியாது!”

“பேசாலையில யுத்தத்தில எண்ணெய்க்குத் தடை போட்ட நேரம் ஒரு போத்தல் மண்ணெண்ணெயை ஒரு கிழமைக்கு வைச்சு எரிச்சனாங்கள். போத்தலில எவ்வளவு கிடக்கு எண்டு வீட்டில சின்னப்பிள்ளைக்கும் தெரியும். இஞ்ச எல்லாரும் படிச்ச ஆக்கள்.”

கயல் அவரோடு நிலவறைக்கு இறங்கினாள். அளவுகோலைப் பார்த்தாள், குழாய்களைப் பின்தொடர்ந்து நடந்தாள். ஒரு குழாய் சுவரைத் துளைத்து முற்றத்துக்குப் போனது. மாதிரி நீரிணையின் தண்ணீர் குளிரில் உறைந்துவிடாமலிருக்க, அடுப்பின் வெந்நீரை அதற்குள் சுற்ற விட்டிருந்தார்கள். கட்டடம் ஒரு நாளில் குடிக்கும் எண்ணெயில் ஒரு பங்கை ஹோர்முஸ் தனியாகக் குடித்துக்கொண்டிருந்தது.

“பதினொண்ணாம் தேதி மத்தியானம் ரெண்டு மணிக்கு முடிஞ்சிடும் அங்கிள்” என்றாள். அன்றைக்கே அதை ஒரு வரைபடமாகப் போட்டு இயக்குநருக்கு அனுப்பினாள்.

ப்ரெபென் வரைபடத்தைப் பார்த்து மகிழ்ந்துபோனார். இவ்வளவு தெளிவான சரிவை அவர் கண்டதில்லை. அடியிலிருந்த கட்டட முகவரியை எடுத்துவிட்டு ‘ஒரு சிறிய இறக்குமதி நாடு’ என்று போட்டு, கருத்தரங்குக் கையேட்டின் அட்டைப்படமாக அச்சடித்துவிட்டார்.

அந்தச் சிறிய நாட்டின் எண்ணெய், பதினொன்றாம் தேதி மதியம் இரண்டு மணி பத்து நிமிடத்துக்கு முடிந்தது. பத்து நிமிடப் பிழைக்குக் கயல் வருந்தினாள். அன்று புதன்கிழமை, பிர்கிட்டே வராத நாள்.

அன்று இரவு யேசுரட்ணம் எண்ணெய் முடிந்த கதையை வீட்டில் சொன்னார்.

“ஏன், உங்களையே பிழை சொல்லுவினம்?” என்று அமலராணி கேட்டார்.

“வேற ஆரைச் சொல்லுறது? நூற்றிருபது பேர் குளிரில இருக்கப்போகினம். சூடு என்ர பொறுப்பு எண்டு ஒப்பந்தத்தில கிடக்கு.”

“அப்ப குழாயை இழுத்துப் போட்டிட்டு வாருங்கோவன்.”

“அனுமதி இல்லாமல் தொட்டன் எண்டு எழுதுவினம். தொட்டாலும் பிழை, தொடாட்டியும் பிழை. பயமாக் கிடக்கு, அமலா. நாலாம் தரமும் அந்தத் தன்விவர வகுப்பில போய் இருக்க என்னால ஏலாது.”

பன்னிரண்டாம் தேதி விடிந்தபோது வெளியே கழித்தல் ஏழு பாகை. ஹோர்முஸ் நீரிணை கரைக்குக் கரை உறைந்து கிடந்தது. நாற்பத்து மூன்று கப்பல்களும் நின்ற இடத்தில் சிறைப்பட்டிருந்தன. ப்ரெபென் மேலங்கியோடு அதைச் சுற்றி வந்தார்.

“ஹோர்முஸில் பனிக்கட்டி கிடையாது!” என்றார் பரிதாபமாக. “நாங்கள் கணித்து வைத்த பதினேழு நெருக்கடிச் சூழ்நிலைகளில் ஒன்றில்கூடப் பனிக்கட்டி இல்லை.”

யேசுரட்ணம் பிர்கிட்டேயிடம் போனார். வியாழக்கிழமை என்பதால் அவர் இருந்தார். கையுறையோடு தட்டச்சு செய்துகொண்டிருந்தார்.

“பத்து மணிக்கு அமைச்சின் பிரதிநிதி வந்து நாடாவை வெட்டித் திறக்கும்வரை மாதிரியை எவரும் தொடக்கூடாது” என்றார் பிர்கிட்டே. “அது காகிதத்தில் இருக்கிறது.”

“திறந்த பிறகு?”

பிர்கிட்டே காகிதத்தைத் தேடி எடுத்தார். விரலை வைத்து வாசித்தார். “‘திறந்த பிறகு நீரிணை எல்லோருடைய அமைதியான போக்குவரத்துக்கும் உரியது.’” நிமிர்ந்து அவரைப் பார்த்தார். “அவ்வளவுதான் எழுதியிருக்கிறது.”

யேசுரட்ணம் வெளியே வந்து லொறிக்காரருக்குத் தொலைபேசி எடுத்தார். பத்து மணிக்கு வாசலில் நில், உன் குழாய் அமைதியானதுதானே என்று கேட்டார். லொறிக்காரர் மேற்கு டென்மார்க்கின் யூலாந்துக்காரர், எதையும் திருப்பிக் கேட்காதவர். “ம்” என்றார்.

ஒன்பது மணிக்குக் கருத்தரங்கு தொடங்கியது. நூற்றிருபது பேரும் மேலங்கி, கழுத்துச்சால்வை, தொப்பியோடு உட்கார்ந்திருந்தார்கள். ஒவ்வொருவர் வாயிலிருந்தும் புகை வந்தது. ப்ரெபென் மேடை ஏறினார். ஆள் நல்ல பேச்சாளர். நாற்பது நிமிடம் பேசினார்.

“ஒரே வாசலை நம்பி வாழும் நாடு தன் கழுத்தைத் தானே கயிற்றில் மாட்டிய நாடு. அந்த வாசல் அடைபடப் போகிறது என்று மாதக் கணக்காகத் தெரிந்திருந்தும் கூட்டம் போட்டுக் கதைத்துக்கொண்டிருக்கும் அரசுகளை என்னவென்று சொல்வது? கையேட்டின் அட்டையில் இருக்கும் வரைபடத்தைப் பாருங்கள். இந்தச் சிறிய நாட்டில் எச்சரிக்கை செய்ய ஒருவர்கூடவா இல்லை? இருந்திருப்பார். யாரும் கேட்டிருக்க மாட்டார்கள். தொண்ணூறு நாள் கையிருப்பு இல்லாதவர்களுக்கு என்னிடம் அனுதாபம் கிடையாது.”

பலத்த கைதட்டல் எழுந்தது. கையுறைகளோடு தட்டியதால் சத்தம் மட்டும் குறைவு. கடைசி வரிசையில் நின்ற யேசுரட்ணமும் தட்டினார். பேச்சு உண்மையிலேயே நன்றாக இருந்தது.

பத்து மணிக்கு எல்லோரும் முற்றத்துக்கு வந்தார்கள். அமைச்சர் வரவில்லை; அமைச்சரின் பிரதிநிதிக்குக் காய்ச்சல்; பிரதிநிதியின் பதிலாளாக ஓர் இளம் அதிகாரி மெல்லிய சப்பாத்தோடு வந்திருந்தார். “நீரிணை அமைதியான போக்குவரத்துக்குத் திறந்திருக்கிறது என்று அறிவிக்கிறேன்” என்று பல் கிடுகிடுக்கச் சொல்லி நாடாவை வெட்டினார்.

வெட்டிய நாடா நிலத்தில் விழுந்த கையோடு வாசலில் குழாயின் வாயைத் தோளில் போட்டபடி யேசுரட்ணம் தோன்றினார். பின்னால் லொறிக்காரர் குழாயை அவிழ்த்துவிட்டுக்கொண்டிருந்தார். கயல் கோப்பிக் குடுவையோடு முன்னால் ஓடி, உறைந்து நின்ற கப்பல்களின் அடியில் சுடு கோப்பியை ஊற்றி ஒவ்வொன்றாகக் கிளப்பினாள்.

“அங்கிள், லெஃப்ட்ல ரெண்டு கப்பல் இருக்கு, பாத்து!”

“பாக்கிறன், பாக்கிறன். விழுந்திடாதையும் பிள்ளை!”

கறுத்த குழாய் மலைகளுக்கிடையே நெளிந்து, பனிக்கட்டி மேல் சறுக்கி, நீரிணையின் இந்த முனையில் புகுந்து அந்த முனையில் வெளியேறித் தாங்கியின் வாயில் பொருந்தியது. லொறியின் இயந்திரம் உறுமியது. ஹோர்முஸ் வழியாக எண்ணெய் பாய்ந்தது. இரண்டு கப்பல்கள் மட்டும் கவிழ்ந்தன.

வெளிநாட்டவர்கள் மூச்சடக்கிப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். பிறகு யாரோ ஒருவர் கை தட்டினார், எல்லோரும் தட்டினார்கள். தலைநகரம் தலைநகரமாகப் போய் இப்படிக் கருத்தரங்கு கேட்டவர்கள். இவ்வளவு தத்ரூபமான செயல்விளக்கத்தை எங்கும் பார்த்ததில்லை. ப்ரெபென் பத்து விநாடி தாமதித்துத் தானும் தட்டினார். பதினோராவது விநாடியில் தலைதாழ்த்தி வணக்கமும் சொன்னார். அரை மணித்தியாலத்தில் மண்டபம் சூடானது. மதியச் சாப்பாட்டின்போது எல்லோரும் மேலங்கியைக் கழற்றினார்கள்.

கதை இங்கே முடிந்திருக்கலாம். ஆனால் டென்மார்க்கில் எதுவும் மதிப்பீட்டு அறிக்கை இல்லாமல் முடிவதில்லை.

பெப்ரவரி இருபத்தைந்தாம் தேதி கயல் நிலவறைக்கு வந்தாள். முகம் வாடியிருந்தது.

“அங்கிள், நான் ஒரு தப்புப் பண்ணிட்டேன். ப்ரெபென் இவால்யுவேஷன் எழுதினப்ப டேட்டா கேட்டார். யார் அடுப்பைப் பத்த வைக்கறாங்க, யார் ஆயில் ஆர்டர் பண்றாங்க, யார்கிட்ட சாவி இருக்குன்னு. நான் எல்லாத்துக்கும் உங்க பேரைப் போட்டேன். உண்மைதானே? நல்ல பேர் வரும்னு நெனச்சேன்.”

அறிக்கையை நீட்டினாள். இருபத்தெட்டாம் பக்கத்தில் ஓர் உலக வரைபடம். ஏழு கடல் இடுக்குகளுக்கும் ஏழு சிவப்புப் புள்ளி. கோப்பன்ஹேகனில் எட்டாவது புள்ளி. பக்கத்தில் ‘யேசுரட்ணம்’ என்று எழுதியிருந்தது.

“இது என்ன பிள்ளை?”

“பில்டிங்கோட சூடு முழுக்க ஒரே ஆளை நம்பி இருக்காம். அது ஆபத்தாம். உங்களை ப்ரொபேஷனுக்குள்ளயே நிறுத்திட்டு வேலையை ஒரு கம்பெனிகிட்ட குடுக்கணும்னு சிபாரிசு பண்ணியிருக்கார்.”

யேசுரட்ணம் அடுப்புக்கு முன்னால் இருந்த கதிரையில் உட்கார்ந்துவிட்டார். சரியாக வேலை செய்ததற்காக வேலை போகும் என்று அவர் நினைத்திருக்கவில்லை. அமலராணியின் கண்ணில் படாதபடி அறிக்கையை மேலங்கிக்குள் மடித்து வைத்துக்கொண்டு வீட்டுக்குப் போனார்.

மறுநாள் கூட்டம். நடத்துபவராக ப்ரெபென் தெரிவானார். கருத்தரங்கு பெருவெற்றி என்று பதிவானது. கேக் அட்டவணை மே வரை போடப்பட்டது. ஏழாவது விடயம் வந்தது. ப்ரெபென் எழுந்து நின்றார், குரல் தழுதழுத்தது.

“அன்றைக்கு யேசுரட்ணம் இல்லாவிட்டால் நாமெல்லோரும் உறைந்திருப்போம். இதை நான் மறக்க மாட்டேன். அதனால்தான், நண்பர்களே, அவர் இல்லாமல் வாழ நாம் பழகிக்கொள்ள வேண்டும். இது அவருடைய திறமைக்கு நாம் செய்யும் மரியாதை. சிபாரிசை ஏற்பவர்கள் கையை உயர்த்தலாம்.”

எல்லோரும் அவரை அன்போடு பார்த்தார்கள். பார்த்தபடியே கைகள் உயரத் தொடங்கின. மேசையில் முதலில் முழுதாக உயர்ந்த கை யேசுரட்ணத்தினுடையது.

“நீங்களும் ஏற்கிறீர்களா?” ப்ரெபென் உருகிப்போனார்.

“இல்லை. ஒரு கேள்வி. இது எத்தனையாவது விடயம்?”

பிர்கிட்டே காகிதத்தைப் பார்த்தார். “ஏழு. அறிக்கை என் மேசைக்குப் பதின்மூன்று நாளுக்கு முன்தான் வந்தது. ஒரு நாள் பிந்திவிட்டது. அதனால் ஏனையவையில் போட்டேன்.”

“ஏனையவையில் முடிவெடுக்கலாமா?”

பாதி உயர்ந்த கைகள் தலையைச் சொறிந்துவிட்டு இறங்கின. பத்து வருடத்தில் இப்படியொரு ஆபத்து மன்றத்துக்கு வந்ததில்லை. பிர்கிட்டே கண்ணாடியைக் கழற்றினார். மூன்று மாதத்தில் முதல்முறையாக யேசுரட்ணத்தைப் பார்த்துச் சிரித்தார்.

“முடியாது” என்றார். “கதைக்க மட்டும்தான் முடியும்.”

“அடுத்த கூட்டம் எப்போது?”

“மார்ச் இருபத்தாறு.”

“அப்படியென்றால் கதைப்போம்” என்றார் யேசுரட்ணம்.

இருபது நிமிடம் கதைத்தார்கள். எல்லோரும் அவருக்காக மனதாரக் கவலைப்பட்டார்கள். குறிப்பில் ‘யேசுரட்ணம் பற்றிக் கலந்துரையாடப்பட்டது’ என்று பதிவானது. வெளியே வரும்போது பிர்கிட்டே அவர் கையில் கேக் அட்டவணையைத் திணித்தார். மே மாதம் இரண்டாவது வெள்ளியில் அவர் பெயர் எழுதியிருந்தது.

இரண்டு நாள் கழிந்தது. சனிக்கிழமை, பெப்ரவரி இருபத்தெட்டு. பின்னேரம் அமலராணி நாட்காட்டியின் முன்னால் சிவப்புப் பேனாவோடு நின்றார்.

“இஞ்சேருங்கோ, அஞ்சு மணியாகுது. ஒரு கடிதமும் வரேல்லை. அப்ப வேலை நிரந்தரமோ?”

“ஓம்.”

“மாதாவே! நான் நேர்ந்தது வீண்போகேல்லை. அந்தப் பெரியவர் உங்கட வேலையைப் பாத்துத்தானே முடிவெடுத்தவர்?”

“இல்லை அமலா” என்றார் யேசுரட்ணம், சோபாவில் காலை நீட்டிக்கொண்டு. “ஒருத்தரும் முடிவெடுக்கேல்லை.”